ஒரு குசினிக்குள் மாமியின் சைவமும் மகனின் மீனும்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோண்டாவில் மருமகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியாமல் இருக்கிற விஷயம் இது.

நாங்கள் ஆறு பேர். மாமி தீட்சை பெற்றவர், மாமா காலமான பிறகு முட்டை இருக்கிற பக்கம்கூடப் போவதில்லை. என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் சலரோகம் (நீரிழிவு) என்று கிளினிக்கில் சொல்லிச் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். இவருடைய தம்பியும் எங்களோடுதான் இருக்கிறார், மத்தியானம் மீனோ இறைச்சியோ ஏதாவது மச்சம் இல்லையென்றால் அவருக்கு அது சாப்பாடே இல்லை. மகன் சித்தப்பாவைப் பார்த்து வளர்கிறவன், மீன் பொரியல் இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவான். கம்பஸில் படிக்கிற மகள் இந்த விடுமுறைக்கு வந்து, இனித் தனக்கு மச்சமும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், பால், தயிர், நெய்யும் வேண்டாம் என்கிறாள். பேத்தி மச்சத்தை விட்டால் மாமிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தன் கையால் கடைந்த மோரை அவள் தொடவில்லை என்பது மாமிக்குப் பெரிய மனவருத்தமாகப் போய்விட்டது.

நான் படிப்பிக்கப் போகிறேன், அதனால் காலமைச் சாப்பாட்டையும் மத்தியானக் கறிகளையும் விடியவே முடித்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். இரண்டு அடுப்பு உள்ள காஸ் குக்கர் ஒன்றுதான். வேலை கூட என்பது உண்மை, ஆனால் நான் எழுதுவது அதற்காக மட்டும் இல்லை. கொஞ்ச நாளாக மாமி கறிகளைத் தொடாமல் சோற்றுக்குத் தயிரை மட்டும் விட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுகிறார். கேட்டால் பசியில்லை என்கிறார். அகப்பை மாறியிருக்குமோ, மீன் காய்ச்சிய சட்டியில் பருப்பு அவித்திருப்பார்களோ என்ற சந்தேகம்தான் அவருக்கு என்று எனக்கு விளங்குகிறது. வாய் திறந்து சொல்ல மாட்டார். வயது போன மனிசி, இப்படியே குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகும்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் தீர்த்தம் வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லோருமே சைவம்தான், அதில் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. மற்ற நாட்களுக்குத்தான் வழி தெரியவில்லை. வீட்டை முழுச் சைவமாக்கிவிடுவதா, இரண்டு சமையல் செய்வதா? சட்டி, அகப்பை, பிரிட்ஜ் எல்லாம் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்? மகளுக்கு என்ன கொடுப்பது? இப்படியான வீட்டில் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லுங்கள்.


நல்லூர்வாசி:

பிள்ளை, நான் ஒளிக்காமல் சொல்லுகிறேன். தீட்சை பெற்ற ஒருவர் இருக்கிற வீட்டின் குசினியில் மச்சம் காய்ச்சக் கூடாது. எங்கள் வீட்டில் என் அம்மா இருந்த காலம் முழுக்க அதுதான் சட்டம். தின்ன ஆசைப்பட்டவர் வெளியில் தின்றார், வந்து தோய்ந்துவிட்டு உள்ளே வந்தார். யாரும் இளைத்துப் போகவில்லை.

வருடத்தைக் கணக்குப் பார்த்தால் மச்சத்துக்கு மிஞ்சுகிற நாள் அவ்வளவு அதிகமும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டுமே 52. நல்லூர்த் திருவிழா 25 நாள். புரட்டாதியில் நவராத்திரி தொடங்கினால் 9 நாள், விசயதசமியோடு கேதாரகௌரி தொடங்கி ஐப்பசி அமாவாசை வரை 21 நாள், அமாவாசைக்கு மறுநாளே கந்தசஷ்டி, அது 6 நாள். எல்லாம் பிடிக்கிற வீட்டில் இது ஒன்றோடொன்று ஒட்டி 36 நாள் வந்துவிடும். பிறகு திருவெம்பாவை, புரட்டாதிச் சனி, தகப்பன் இல்லாதவருக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவருக்குச் சித்திரா பௌர்ணமி. இவ்வளவு நாளும் இருக்க முடிகிற உங்கள் கொழுந்தனுக்கு மற்ற நாளிலும் இருக்க முடியாதா?

மச்சம் தின்கிறவரைக் குறைவாக நினைத்து இதைச் சொல்லவில்லை. என் மருமகனும் தின்கிறவர்தான், நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் விரதமாக இருந்தால் மற்றவர்கள் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் மாமி தயிருஞ்சோறு தின்று எழும்புகிறார் என்று வாசித்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.


பாசையூர் மச்சாள்:

ஐயா சொன்னது அவருடைய வீட்டுக்குச் சரியாக இருந்திருக்கும். நான் பாசையூரில் பிறந்தவள், எங்கள் அப்பா கடலுக்குப் போய்த்தான் எங்கள் எல்லோரையும் படிப்பித்தவர். எங்களுக்கு மீன் வெறும் ருசி இல்லை. நான் கலியாணம் செய்து வந்தது கொக்குவிலில் ஒரு சைவக் குடும்பத்துக்குள். அதனால் அக்கா, உங்களுடைய கேள்வியை நான் தினமும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையையே எடுங்கள். எங்கள் கத்தோலிக்க வேதத்தில் தவக்கால வெள்ளியில் இறைச்சி இல்லை, மீன் சாப்பிடலாம். பெரிய வெள்ளிக்கு அம்மா வீட்டில் மீன் குழம்புதான். இங்கே வெள்ளி என்றால் மீனும் கிடையாது. நான் மாமியிடம் வந்த புதிதிலேயே கேட்டுவிட்டேன், அவர் சொன்னதை இன்றுவரைக்கும் மீறவில்லை, வெள்ளியில் இந்த வீட்டில் மச்சம் இல்லை. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை மீன் வாங்கினால் அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கேட்டு வைத்த ஒழுங்கு என்பதால் இரண்டு பக்கமும் அதை மதிக்கிறோம்.

இரண்டு சமையல் செய்யாதீர்கள், உடைந்து போவீர்கள். ஒரு குழம்பாகத் தொடங்கி முடிவில் பிரியுங்கள். எங்கள் மீன் குழம்புக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் அடி ஒன்றுதானே. பெரிய சட்டியில் சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் வதக்கிப் பழப்புளியைக் கரைத்து விட்டு, வீட்டுக் கறித்தூள், உப்பு, தேங்காயின் இரண்டாம் பால் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். அது சைவச் சட்டி, மச்சம் ஒன்றும் அதற்குள் போகாது. நன்றாகக் கொதித்ததும் பாதியைப் பக்கத்தில் இருக்கிற மச்சச் சட்டிக்குள் மேலே பிடித்து ஊற்றுங்கள், ஊற்றுகிற அகப்பை அந்தச் சட்டியில் முட்டக் கூடாது. சைவச் சட்டிக்குள் பொரித்த கத்தரிக்காயோ முருங்கைக்காயோ போகும், மற்றதற்குள் கழுவி உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்த மீன் போகும். இறக்க முன்னம் இரண்டுக்கும் முதற்பால். ஒரு குழம்பு வைக்கிற நேரத்துக்கு மேலே கால் மணித்தியாலம்கூட ஆகாது. சோறு, பருப்பு, ஒரு வறை, ஒரு சம்பல் எல்லோருக்கும் பொது. ஆக ஆறு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே ஒரு கறியில்தான் வித்தியாசம்.

சாமான் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். சட்டியும் அகப்பையும் எல்லோரும் பிரிக்கிறார்கள், ஆனால் வேறு இடங்களில்தான் தவறுகிறது. மீன் பொரித்த எண்ணெயில் அடுத்த நாள் அப்பளம் பொரிப்பது, மாசிக் கருவாடு அரைத்த கிரைண்டரில் மாமிக்குத் தேங்காய்ச் சம்பல் அரைப்பது, மீன் வெட்டிய பலகையில் வெங்காயம் வெட்டுவது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மண்சட்டி எண்ணெயையும் மணத்தையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது, அதனால் மச்சத்துக்கு வாங்கின மண்சட்டி மச்சத்துக்கு மட்டும்தான். அதை உள் தட்டில் வைக்காமல் வெளி விறாந்தையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பிரிட்ஜில் மேல் தட்டு மாமிக்கு. பச்சை மீன் மூடின பெட்டியில் அடியில். அது சுத்தத்துக்கும் நல்லது, மீன் தண்ணீர் ஒன்றிலும் வடியாது.

மீனைச் சந்தையிலேயே வெட்டித் துப்பரவாக்கித் தரச் சொல்லி வாங்குங்கள், செதிலும் குடலும் வீட்டுக்கு வராது. பாதி மணம் அதோடு போய்விடும்.


கோண்டாவில் மருமகள்:

மச்சாள், குழம்பைப் பிரிக்கிற யோசனைக்கு மிகவும் நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே செய்து பார்க்கப் போகிறேன். ஐயா, நீங்கள் சொன்னதையும் தட்டிவிடவில்லை. ஆனால் கொழுந்தனையும் மகனையும் கடையில் சாப்பிடுங்கள் என்று அனுப்ப எனக்கு மனம் வராது, அந்த எண்ணெயும் நல்லதில்லை, காசும் கட்டாது. மாமிக்கும் அது விருப்பமாக இருக்குமா என்று தெரியவில்லை, தன்னால் பேரன் பட்டினி என்று அதற்கும் கவலைப்படுவார்.


இணுவில் அம்மம்மா:

பிள்ளை, நான் உங்கள் மாமியின் பக்கத்தில் இருக்கிற ஆள். எனக்கும் மச்சம் இல்லை, நான் இருக்கிற மகளின் வீட்டில் மற்ற எல்லோருக்கும் மச்சம். பேத்திதான் இதைத் தட்டச்சு செய்து தருகிறாள், சொல்லுவது நான்.

மீன் மணம் எனக்கு இப்போது பழகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிட வேண்டும், அவர்கள் வளருகிற வயது, அதை நான் தடுக்க மாட்டேன். எனக்கு வருத்தம் வந்தது எப்போது என்றால், என்னுடைய சாப்பாட்டை என்னிடம் கேட்காமல் இவர்களே முடிவு செய்தபோது. அம்மாவுக்குப் பருப்பும் ஒரு கீரையும் போதும் என்று நினைத்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு நாலு கறி, எனக்கு ஒன்றரை. நான் என்ன கேட்கப் போகிறேன்? பேசாமல் சாப்பிட்டேன். சைவக்காரருக்கும் நாக்கு இருக்கிறது பிள்ளை. எனக்கு வாழைப்பூ வறை வேண்டும், பலாக்கொட்டை போட்ட முருங்கையிலைச் சொதி வேண்டும், ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் கட்டாயம் வேண்டும், பாவற்காயைப் பொரித்துச் சம்பல் போட்டால் இரண்டு பிடி சோறு கூட இறங்கும்.

உங்கள் மாமியிடம் தனியாக இருந்து கதையுங்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டால் அவர் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லுவார். இன்றைக்கு என்ன கறி வைக்கலாம் மாமி என்று விடியக் கேளுங்கள். சைவச் சட்டியையும் அகப்பையையும் அவருடைய பொறுப்பில் விடுங்கள், அவர் கையாலேயே கழுவி அவர் சொல்லுகிற தட்டில் வைக்கட்டும். முடிந்தால் சைவக் கறியை முதலில் இறக்கி அவருக்கு முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகு மச்சத்தை அடுப்பில் வையுங்கள். இது நடந்தால் சந்தேகம் தானாகப் போய்விடும், ஏனென்றால் அவர் தன் கண்ணால் பார்க்கிறார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. இப்போது நான் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன்.

மோர் விஷயம். பேத்தி வேண்டாம் என்றது மோரைத்தான், உங்களை இல்லை என்று மாமிக்கு அந்தப் பிள்ளையே சொல்லட்டும். நீங்கள் இடையில் நின்று சொல்லாதீர்கள்.


தெல்லிப்பழைத் தாதி:

வைத்தியசாலையில் வேலை செய்கிறவள் என்பதால் உடம்புப் பக்கத்தை மட்டும் சொல்லுகிறேன். குளுசை பற்றிய முடிவை உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் மகள். பால், முட்டை, மச்சம் மூன்றையும் விட்டவருக்கு விற்றமின் பி12 சாப்பாட்டில் இருந்து கிடைக்காது, கீரையிலோ பயறிலோ அது இல்லை. குளுசையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ எடுக்கத்தான் வேண்டும். உடம்பில் சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது, பிறகு களைப்பு, கை கால் விறைப்பு, நினைவுக் குறைவு என்று வரும், அதனால் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாமி பாலும் தயிரும் எடுக்கிறபடியால் அவருக்கு அதில் கொஞ்சம் கிடைக்கும். இன்னொன்று, உங்கள் வீட்டுக்காரர் மெட்ஃபோர்மின் குளுசை நீண்ட காலம் எடுப்பவராக இருந்தால் அவருக்கும் பி12 குறையலாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இரும்புச்சத்துக்கு எங்களிடம் குறைவே இல்லை, ஆனால் நாங்கள் சாப்பிடுகிற முறைதான் பிழை. முருங்கையிலை வறையோ கீரைக் கடையலோ வைத்தால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி விடுங்கள், அந்தப் புளிப்பு கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் அதற்கு நேர் எதிர், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். இது மகளுக்கும் மாமிக்கும் உங்களுக்கும் பொருந்தும்.

வீட்டுக்காரருக்கு வருகிறேன். பலர் இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறினால் சலரோகத்துக்கு நல்லது என்று நினைக்கிறார்கள், பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். குரக்கன் பிட்டு, ஒடியற்பிட்டு கோதம்பை மாப் பிட்டை விட நல்லது, நார்ச்சத்து கூட, ஆனால் அதுவும் மாச்சத்துத்தான், நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டால் பலன் இல்லை. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ பிட்டோ, மிச்சக் கால்வாசி மீன் அல்லது பருப்பு, பயறு, கடலை என்று போடச் சொல்லுங்கள். வெள்ளைப் பச்சையரிசியை விடத் தவிடு போகாத சிவப்பரிசி நல்லது.

இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மாமிக்கு வைக்கிற இரண்டு மரக்கறியும் வறையும்தான் அவருக்கும் வேண்டிய சாப்பாடு. அவருக்கென்று தனிச் சமையல் தேவையில்லை, சோற்றின் அளவுதான் வேறு. மாமியின் கறிகளை நீங்கள் கூட்டினால் அவருடைய கோப்பையும் தானாகச் சரியாகும்.

அவரவர் தயிரையும் மீனையும் மட்டும் பார்க்கிறீர்கள், மாமி எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதையும் நிறை குறைகிறதா என்பதையும் கவனியுங்கள். வயது போனவர்கள் தயிருஞ்சோற்றோடு நிற்பது நல்லதில்லை, அவருக்கும் ஒவ்வொரு நாளும் பருப்போ பயறோ உழுந்தோ வேண்டும்.


திருநெல்வேலிப் பொடியன்:

அக்கா, நான் உங்கள் மகளைப் போலத்தான், பால், முட்டை ஒன்றும் எடுப்பதில்லை. கம்பஸுக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருக்கிறோம், நான் ஒருவனுக்காக மற்றப் பெடியள் ஒன்றும் தனியாகச் செய்வதில்லை, அப்படியிருந்தும் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறை வந்தது கிடையாது. காரணம் எங்கள் ஊர்ச் சைவச் சமையல் தேங்காய்ப்பாலில் நடக்கிறது, மாட்டுப்பாலில் இல்லை. சொதி, பால்க்கறி, இடியப்பம், பிட்டு, தோசை, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, வல்லாரைச் சம்பல், எதிலும் பால் இல்லை. ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற கூழும் அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டிதான். மாமி அதைக் காய்ச்சினால் உங்கள் மகள் இரண்டு சிரட்டை கேட்பாள்.

கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கடையில் வாங்குகிற சீனிச் சம்பலில் பெரும்பாலும் மாசி இருக்கும், இது மாமிக்கும் ஆகாது, போத்தலைத் திருப்பி வாசியுங்கள். மோர்மிளகாயில் மோர். பணிஸ், கேக் வகைகளில் முட்டை, பட்டர். கோயில் பொங்கலிலும் பஞ்சாமிர்தத்திலும் பால் அல்லது நெய். கோயில் பிரசாதத்தை நான் கையில் வாங்கி நெற்றியில் ஒற்றிப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்துவிடுவேன், இதுவரை யாரும் மனம் நோகவில்லை. தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணியாகக் குடிக்கலாம், பால்மாச் செலவும் மிச்சம்.

வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியில் குடிக்கிற மாதிரி ஒரு நாள் வேண்டும் என்றால் சைவ ஒடியற்கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊற வைத்துக் கைப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், முருங்கையிலை, கொஞ்சம் அரிசி எல்லாம் அவிந்த பிறகு அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி, கரைத்த மா. நண்டும் றாலும் இல்லாமல் கூழா என்று முதலில் கேட்பார்கள். புளியும் உறைப்பும் சரியாக நின்றால் சட்டி வெறுமையாகிவிடும். மச்சக்காரருக்கு ஆசை விடவில்லை என்றால் றாலைத் தனியாகப் பொரித்துப் பக்கத்தில் வைக்கலாம், கூழுக்குள் போட வேண்டாம்.


நல்லூர்வாசி:

தம்பி, பாலும் வேண்டாம் என்பது எனக்குப் புதிது. கோமாதா தருவதைத் தவிர்க்க எங்கள் சமயத்தில் சொல்லவில்லை. ஆனால் உயிருக்கு நோகக் கூடாது என்று நினைத்துத்தான் நீங்கள் அப்படி இருக்கிறீர்கள் என்றால் அதை நான் மறுக்க மாட்டேன். அந்தப் பிள்ளையும் மாமியும் பிடிக்கிற கொள்கைக்கு வேர் ஒன்றுதான் என்று அவர்களுக்குள் கதைத்தால் தெரியவரும்.

இணுவில் அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தீட்சை பெற்றவரே மச்சம் காய்ச்சட்டும் என்று மனதாரச் சொன்னால் நான் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. முடிவு அந்த மாமியுடையது. ஆனால் அவரிடம் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.


மானிப்பாய் சமையல்காரன்:

எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் ஒருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். இந்த ஆறு பேரில் சமைக்கிறது ஒரே ஒரு ஆள், அவரும் விடிய எழும்பிச் சமைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர். சலரோகக்காரர் ஒரு தேங்காய் திருவ மாட்டாரா? மச்சம் இல்லாமல் இருக்க முடியாத தம்பி அந்த மச்சத்தை ஏன் தானே சமைக்கக் கூடாது?

நான் சொல்லுவது வெறும் பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் மனிசி சைவம், நானும் பிள்ளைகளும் மச்சம். கலியாணம் முடித்த நாளில் இருந்து மச்சம் வாங்குவது, வெட்டுவது, காய்ச்சுவது, சட்டி கழுவுவது, அடுப்படி துடைப்பது எல்லாம் என்னுடையது. அவருக்கு அந்தச் சட்டியைத் தொடவே தேவையில்லை. வளவுக்குள் கிணற்றடிப் பக்கம் மூன்று கல் வைத்து ஒரு சின்ன அடுப்பு கட்டி மேலே தகரம் போட்டிருக்கிறேன், பொச்சும் பன்னாடையும் பாளையும் வளவிலேயே கிடைக்கிறபடியால் காஸ் செலவும் இல்லை. மாரிக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், அப்போது மட்டும் ஒரு பழைய மண்ணெண்ணெய் அடுப்பை வெளி விறாந்தையில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி நிறைய மீன் குழம்பு காய்ச்சினால் திங்களுக்கும் வரும், மண்சட்டியில் புளி பிடித்த அடுத்த நாள் குழம்புக்குத் தனி ருசி. இரவு ஒரு தரம் கொதிக்க வைத்து ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

உங்கள் கொழுந்தனுக்குச் சமைக்கத் தெரியாது என்றால் பாசையூர் மச்சாள் சொன்ன குழம்பில் இருந்து தொடங்கலாம். புளியும் தூளும் பாலும் ஏற்கெனவே சரியாக இருக்கிற குழம்பை நீங்கள் கொடுக்கிறீர்கள், அவர் மீனைப் போட்டு உடையாமல் இறக்க வேண்டும், அவ்வளவுதான். மகனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். பத்து வயதுப் பெடியனுக்கு நெத்தலி துப்பரவாக்கத் தெரிந்திருப்பது நல்லது. தான் சுத்தம் செய்த மீனைச் சாப்பிடுகிற பிள்ளை மற்றக் கறியையும் தொட்டுப் பார்க்கும்.

அக்கா, கோபிக்காதீர்கள், உங்கள் வீட்டுக்காரரிடமும் தம்பியிடமும் இதை நேராகச் சொல்லுங்கள். சைவமா மச்சமா என்று நீங்கள் மாமியோடு மட்டும் கதைத்து முடித்தால் முழுப் பாரமும் மறுபடி உங்கள் தலையில்தான் வந்து நிற்கும்.


கோண்டாவில் மருமகள்:

இத்தனை பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்றுப் பின்னேரம் மாமி பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்து கேட்டேன். இணுவில் அம்மா சொன்னது அப்படியே சரி. அவருக்கு மீன் காய்ச்சுவதில் கோபம் இல்லை. சின்னக் கரண்டி ஒன்று, பருப்புக்குப் பாவிக்கிறது, அதை யாரோ மீன் குழம்புக்குள் விட்டதைப் பார்த்திருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அதன் பிறகுதான் கறியைத் தொடாமல் விட்டிருக்கிறார். நான் கேட்டதும் உடனே நாளைக்கு வாழைக்காய்ப் பால்க்கறி வைப்போமா என்றார். சைவச் சட்டிகளுக்கு மேல் தட்டை அவரே துடைத்து எடுத்துக்கொண்டுவிட்டார். வெள்ளியோடு செவ்வாயும் வீட்டில் மச்சம் வேண்டாம் என்று கேட்டார், நான் சரி என்று சொல்லிவிட்டேன், இவரும் ஒத்துக்கொண்டார்.

கொழுந்தனிடம் இவரே கதைத்தார். முதலில் பேசாமல் இருந்தவர் பிறகு வெளி அடுப்பு கட்டத் தானே கல் கொண்டு வருகிறேன் என்கிறார். சமைப்பாரா என்பது போகப் போகத்தான் தெரியும், ஆனால் மச்சச் சட்டியை இனி நான் கழுவப் போவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். மகளுக்கும் இவருக்கும் சேர்த்து அடுத்த கிளினிக்கில் பி12 பற்றிக் கேட்கப் போகிறோம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மகள் மாமியோடு இருந்து தானே கதைத்தாள், இரண்டு பேரும் சமாதானமாகத்தான் இருக்கிறார்கள். இப்போது மாமி, பேத்திக்கு மோர் இல்லாமல் மிளகாய் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார். மோர் விடாமல் மிளகாய் வற்றல் எப்படிப் போடுவது? புளிப்பு வர வேண்டும், கெட்டுப் போகவும் கூடாது.


இணுவில் அம்மம்மா:

தேசிக்காய்ப்புளியில் போடலாம் பிள்ளை. சதைப்பிடிப்பான பச்சை மிளகாயாகப் பார்த்து வாங்கி, காம்போடு கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து நடுவில் மட்டும் கீறுங்கள், நுனி வரைக்கும் கீறினால் விதை கொட்டிவிடும். தேசிக்காய்ப்புளியில் உப்பைத் தாராளமாகக் கரைத்து மிளகாயை அதற்குள் இரவு முழுக்க ஊற விடுங்கள். விடிய எடுத்துச் சுளகில் பரப்பி வெயிலில் வையுங்கள், பின்னேரம் திரும்ப அதே புளிக்குள் போடுங்கள். புளி முழுக்க இழுபட்டு மிளகாய் வெளிறும்வரை இப்படிச் செய்து, பிறகு கலகலவென்று காயவிட்டுப் போத்தலில் அடையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் இந்த வெயில் இருக்கும்போதே போட்டுவிடச் சொல்லுங்கள். பொரிக்கிற எண்ணெய் சைவ எண்ணெயாக இருக்கட்டும்.